சங்கத்து ஜெனரேட்டரைப் பாதுகாத்து வைக்கும் முறை

ஏரும் தறியும் நாள்தோறும் உழைப்பவை. உழைக்கும் கருவியை உடையவன் நாள்தோறும் பார்க்கிறான்; பழுது தோன்றிய அன்றே அது அவன் கண்ணிற் பட்டுவிடுகிறது. ஆண்டில் சில நாட்களே உழைத்து, எஞ்சிய நாட்களெல்லாம் மூலையிற் கிடக்கும் கருவியின் நிலை வேறு. அது பழுதுறுவதை எவரும் காண்பதில்லை. தேவை வந்த இரவிலேதான் பழுது வெளிப்படுகிறது. அந்த இரவிலோ, பழுது பார்ப்பவர் வருவதற்கு வழியும் இருப்பதில்லை.

நமது சங்கங்கள் பலவற்றில் இன்று இருக்கும் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டர் இத்தகைய கருவியாகும். இருவர் தூக்கிச் செல்லத்தக்க இப்பொறிக்கு வடகிழக்குப் பருவமழையின் மூன்று மாதங்களில் வேலை உண்டு. தை பிறந்தபின் புரட்டாசி வரையில் பெரும்பாலும் வேலை இல்லை. விளக்கு எரிப்பதற்கும், கைபேசிகளுக்கு மின்னூட்டுவதற்கும், அலுவலகக் கணினியை இயக்குவதற்கும், மழைநீர் புகுந்த தறிக்குழிகளைச் சிறு பம்பு கொண்டு இறைப்பதற்கும் இஃது உதவும்.

2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரை கடந்ததை அங்கத்தினர் பலர் மறந்திருக்க மாட்டார்கள். இலட்சத்திற்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களின் சிற்றூர்கள் பலவற்றில் மின்சாரம் திரும்புவதற்கு வாரக்கணக்கில் ஆயிற்று. குடிநீர்த் தொட்டிக்கு நீரேற்றுவதற்காக வாடகை ஜெனரேட்டர்களைத் தேடி மக்கள் அலைந்தனர். அத்தகைய நாட்களில், ஓடும் பொறி ஒன்று ஊரில் இருப்பதும் இல்லாமையும் எத்தகைய வேறுபாடு என்பதை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஓடாத பொறியோ, இல்லாத பொறியினும் தீயது. அஃது இருக்கிறது என்ற நம்பிக்கையில் வேறு ஏற்பாடு ஒன்றும் செய்யாமல் இருந்துவிடுகிறோம் அல்லவா?

ஆகவே அங்கத்தினர் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி ஒன்றே: இச்சிறு பொறிகள் ஓடித் தேய்ந்து கெடுவதைக் காட்டிலும், பெட்ரோலை வயிற்றில் வைத்துக்கொண்டு சும்மா கிடந்து கெடுவதே மிகுதி. மழைக்காலம் முடிந்தவுடன் ஒரு முற்பகல் நேரத்தைச் செலவிட்டால் இக்கேட்டைத் தவிர்க்கலாம். அதற்குரிய காரணங்களையும் முறைகளையும் கீழே காண்போம்.

பெட்ரோல் கெடுவது எவ்வாறு?

நெல்லைக் குதிரில் வைப்பது போலப் பெட்ரோலை நெடுங்காலம் வைத்திருக்க இயலாது. அது மூன்று வகையிற் கெடுகிறது.

முதலாவது, பெட்ரோல் ஒரே பொருள் அன்று. எளிதில் ஆவியாகும் நீர்மங்களும் அரிதில் ஆவியாகும் நீர்மங்களும் சேர்ந்த கலவை. பொறி முதற் சுழற்சியிலேயே தீப்பற்றி ஓடத் தொடங்குவது எளிதில் ஆவியாகும் பகுதியால். வைத்திருக்கும்போது முதலில் பறந்து போவதும் அப்பகுதியே. எஞ்சி நிற்பது எளிதில் தீப்பற்றாது.

இரண்டாவது, காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பெட்ரோலோடு மெல்ல மெல்லக் கூடிப் பிசின் போன்ற ஒரு பொருளை உண்டாக்குகிறது. வேப்பம் பிசினைப் போல அது முதலில் ஒட்டும், பிறகு இறுகும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து பொறிக்கு ஊட்டும் கார்பரேட்டர் என்னும் உறுப்பில், ஜெட் எனப்படும் நுண்துளை ஒன்று உண்டு. அதன் அகலம் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. துளியளவு பிசின் அதனை அடைத்துவிடப் போதும். மாதக்கணக்கிற் கிடந்த பொறியின் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் ஓடாமைக்குப் பெரும்பாலும் இந்த அடைப்பே காரணம்.

மூன்றாவது, அண்மைக் காலத்தில் வந்து சேர்ந்தது. கரும்பு, தானியம் முதலியவற்றிலிருந்து வடிக்கும் எத்தனால் என்னும் சாராயம் நம் நாட்டுப் பெட்ரோலிற் கலக்கப்படுகிறது. 20 விழுக்காடு கலந்த பெட்ரோல் 2023ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது; 2025இல் நாடெங்கும் பரவிவிட்டது. எத்தனால் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பகலில் வெப்பமும் இரவில் குளிர்ச்சியும் மாறி மாறி வர, பெட்ரோல் தொட்டி மூச்சு விடுவது போலக் காற்றை வெளிவிட்டும் உள்வாங்கியும் நிற்கிறது. கடலோர ஊர்களில் அக்காற்றில் ஈரம் மிகுதி. ஓரளவு வரையில் ஈரம் பெட்ரோலோடு கரைந்தே நிற்கும். அளவு மிஞ்சியதும் நீரும் எத்தனாலும் ஒன்றாகப் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பொறி எரிபொருளை எடுத்துக்கொள்வதோ அடியிலிருந்துதான். அந்த அடிநீர் எரியாது. மேலும் இரும்புத் தொட்டியைத் துருப்பிடிக்கச் செய்யும். கார்பரேட்டரின் கிண்ணத்தை அரித்து வெண்பொடி படியச் செய்யும்.

தொட்டியைக் கழுத்து வரை நிரப்பி வைத்தால் துரு ஏறாது என்று முன்னாள் அனுபவசாலிகள் கூறுவர். எத்தனால் கலவாத பெட்ரோலுக்கு அது நல்ல யோசனையே. இன்றைய பெட்ரோலை அவ்வாறு நிரப்பிப் பல மாதம் விட்டுவைப்பது பொருந்தாது. பெட்ரோல் கெடாதிருக்கச் சேர்க்கும் மருந்துகள் கடைகளில் உண்டு. அவற்றைப் புதிய பெட்ரோலிற் சேர்த்து, பொறியைப் பத்து நிமிடம் ஓட்டி, மருந்து கலந்த பெட்ரோல் கார்பரேட்டர் வரை சென்று சேரும்படி செய்தால் கெடுதலைச் சில மாதம் தாமதப்படுத்தலாம். கெட்ட பெட்ரோலை எந்த மருந்தும் திருத்தாது.

இரண்டில் ஒரு வழி

சங்கத்தின் முன் இரண்டு வழிகள் உண்டு. மாதம் ஒரு முறை தவறாமல் பொறியை வெளியே எடுத்து, புதிய பெட்ரோலிட்டு, விளக்குகளையோ விசிறிகளையோ இணைத்து, இருபது முப்பது நிமிடம் ஓட்டுவது ஒரு வழி. முற்றிலும் வடித்து உலர்த்தி வைப்பது மற்றொரு வழி. இரண்டும் நல்லவையே. தொட்டியிற் பெட்ரோலை வைத்துக்கொண்டு, 'அடுத்த மாதம் ஓட்டலாம்' என்று தள்ளிப்போடுவதே எவ்வாற்றானும் தீது. மாதந்தோறும் ஓட்டுவதற்கு நிச்சயமான ஆள் இல்லாத சங்கம் இரண்டாவது வழியையே கைக்கொள்ள வேண்டும். அம்முறையை வரிசையாகக் கூறுவோம்.

பெட்ரோலை வடித்தல்

பொறி நன்றாக ஆறிய நிலையில், திறந்த வெளியில், நிழலான இடத்தில் இவ்வேலையைச் செய்க. பீடி, சுருட்டு, அடுப்பு, விளக்கு ஒன்றும் அருகில் இருத்தல் ஆகாது. நூற்கிடங்கின் வாயிலிலும் வைக்கோற்போரின் அருகிலும் ஒருபோதும் செய்யற்க. பெட்ரோலின் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து சென்று தொலைவிலுள்ள நெருப்பையும் பற்றிக்கொள்ளும்.

கையால் அழுத்தும் சிறு பம்பு கொண்டு தொட்டியிலுள்ளதை மூடியுள்ள உலோகக் கலத்திற்கு மாற்றுக. குழாயை வாயில் வைத்து உறிஞ்சுவது நம்மிடையே உள்ள தீய பழக்கம். ஒரு மிடறு பெட்ரோல் நுரையீரலுக்குள் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. சிந்தியது உலர்ந்த பிறகு, கலத்தைத் தொலைவில் வைத்துவிட்டுப் பொறியை ஓட்டுக. குழாயிலும் கார்பரேட்டரிலும் எஞ்சியிருக்கும் பெட்ரோல் தீர்ந்ததும் அது தானே நின்றுவிடும். ஆயினும் கார்பரேட்டர் கிண்ணத்தின் அடியிற் சிறிது தங்கியிருக்கும். பொறி மீண்டும் ஆறியபின், கிண்ணத்தின் அடியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தி அதனையும் வடித்துவிடுக. திருகை மறவாமல் முடுக்குக. பெட்ரோல் வால்வை மூடி வைக்க.

வடித்த பெட்ரோலை என் செய்வது? வாங்கி ஒரு மாதத்திற்கு உட்பட்டதாயின் துணியில் வடிகட்டி மோட்டார் சைக்கிளுக்கு இட்டுக்கொள்ளலாம். அளவைச் சங்கத்து இருப்புப் புத்தகத்தில் எழுதிக் கணக்குத் தீர்த்துக்கொள்க. நிறம் கறுத்துப் புளித்த வாடை வீசுமாயின் எந்தப் பொறிக்கும் இடலாகாது. பழுது பார்க்கும் பட்டறையில் ஒப்படைத்துவிடுக. வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவது அயலார்க்கு இழைக்கும் தீங்காகும்.

புயலுக்கென்று பெட்ரோலைச் சேமித்து வைப்போர் சட்டத்தையும் அறிதல் நன்று. விற்பனைக்கு அல்லாமல் வைத்திருக்கும் பெட்ரோல் மொத்தம் 30 லிட்டருக்கு மேற்படாதாயின் உரிமம் தேவையில்லை என்றும், உலோகக் கலம் ஒவ்வொன்றும் 25 லிட்டருக்கு மேற்படலாகாது என்றும் 1934ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டம் கூறுகிறது.

எண்ணெயும் உருளையும்

அடுத்து என்ஜின் எண்ணெயைக் கவனிக்க வேண்டும். ஓடிய எண்ணெயில் கரி மட்டும் அன்று, பெட்ரோல் எரிந்ததால் உண்டான அமிலமும் நீரும் கலந்திருக்கும். எட்டு மாதம் அஃது உள்ளே கிடந்தால் தாங்கிகளையும் தண்டுகளையும் அரிக்கும். ஆகவே பொறி சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போதே அடித்திருகைத் திறந்து பழைய எண்ணெயை முழுதும் வடித்து, புதியதை இடுக. எந்த வகை, எவ்வளவு என்பது பொறியோடு வந்த கையேட்டிற் குறித்திருக்கும். சிறிய பொறிகளுக்குப் பெரும்பாலும் ஒரு லிட்டருக்குட்பட்டே செல்லும். 'மழைக்காலம் வரும்போது மாற்றிக்கொள்ளலாம்' என்பது தவறு. பொறியை எடுக்கும்போது அன்று, வைக்கும்போதே எண்ணெய் புதிதாக இருத்தல் வேண்டும்.

பிறகு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுக. அத்துளை வழியே ஒரு தேக்கரண்டி அளவு தூய என்ஜின் எண்ணெயை உருளைக்குள் விடுக. துளையின்மேல் ஒரு துணியை வைத்துக்கொண்டு, சுவிட்ச் அணைந்திருக்கும் நிலையில், இழுகயிற்றை மூன்று நான்கு முறை மெதுவாக இழுக்க. எண்ணெய் உருளையின் சுவரெங்கும் படலமாகப் படிந்து துருவைத் தடுக்கும். பிளக்கை மீண்டும் பொருத்தி, கயிறு இறுக்கமாகும் இடம் வரையில் ஒரு முறை மெல்ல இழுத்து நிறுத்துக. அந்த நிலையில் உருளையின் வால்வுகள் இரண்டும் மூடியிருக்கும். ஈரக் காற்று உட்புகாது. பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இச்செயல் துருவைத் தடுப்பதில் பெருந்துணை செய்வது.

காற்று வடிகட்டியும் குளிர்ச்சித் தகடுகளும்

நெசவாளர் சங்கங்களில் இப்பகுதிக்குத் தனிக் கவனம் வேண்டும். தறிக்கூடத்தின் பஞ்சுத் தூசி காற்று வடிகட்டியில் அடைந்து, பொறி மூச்சுத் திணறும்படி செய்கிறது. உருளையைச் சுற்றியுள்ள தகடுகளின் இடுக்கில் மெத்தை போல் படிந்து சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது. வடிகட்டி நுரைப்பஞ்சால் ஆனதாயின் சவர்க்கார நீரில் அலசி, நன்றாக உலர்த்தி, தூய என்ஜின் எண்ணெயில் நனைத்துப் பிழிந்து பொருத்துக. காகிதத்தால் ஆனதாயின் நீரிற் படவிடலாகாது. மெல்லத் தட்டித் தூசியை உதிர்க்க வேண்டும். தகடுகளின் இடுக்கை உலர்ந்த தூரிகையால் துடைத்துச் சுத்தம் செய்க. மண்ணெண்ணெய் கொண்டு பொறி முழுவதையும் கழுவுவது வேண்டா. அது மின்சுருள்களின் மேற்பூச்சைக் கெடுக்கக்கூடும்.

மின்கலம் உள்ள பொறியாயின் மின்கலத்தின் இணைப்பை, எதிர்முனையை முதலிற் கழற்றி, நீக்கி வைக்க. இரண்டு மாதத்திற்கு ஒரு முறையேனும் அதற்கு மின்னூட்டம் செய்யாவிடில் அது மீளாது.

வைக்கும் இடம்

விவசாயிகள் சங்கங்களில் உரக்கிடங்கின் ஒரு மூலையிலே ஜெனரேட்டரை வைப்பது வழக்கமாகக் காணப்படுகிறது. இது பெருந்தவறு. உர உப்புகள் காற்றின் ஈரத்தை ஈர்த்து இரும்பை அரிப்பவை. அவற்றிலிருந்து எழும் அம்மோனியா செம்பைத் தாக்கும். ஜெனரேட்டரின் மின்சுருளோ செம்பினால் ஆனது. சாயப்பட்டறையிலும் வைத்தல் ஆகாது. வெளுக்கும் தூளின் ஆவி உலோகத்தை அரிக்கும்; வண்ணமேற்ற உதவும் ஹைட்ரோஸ் என்னும் பொருளோ ஈரம் பட்டால் தானே சூடேறித் தீப்பற்றக்கூடியது.

உலர்ந்த, காற்றோட்டமுள்ள அறையில், வெள்ளநீர் எட்டாத உயரத்தில், மரப்பலகையின்மேல் பொறியை நிமிர்ந்த நிலையில் வைக்க. பருத்தித் துணியால் மூடுக. பிளாஸ்டிக் தாளால் இறுகப் போர்த்தினால் உள்ளே ஈரம் கட்டித் துரு ஏறும். எலிகள் சைலன்சரிலும் காற்றுத் துளைகளிலும் கூடு கட்டும். மின்கம்பிகளைக் கடித்தும் வைக்கும். ஆகவே புகைபோக்கியின் வாயைச் சிறுகண் கம்பி வலையால் மூடுக. வடித்து வைத்த பொறியின் கைப்பிடியில் ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிடுதல் நன்று. 'பெட்ரோல் இல்லை; எண்ணெய் மாற்றிய நாள் இன்னது; புகைபோக்கியில் வலை உள்ளது, எடுத்துவிட்டு ஓட்டுக' என்று அதில் எழுதியிருத்தல் வேண்டும். நள்ளிரவில் அவசரத்தில் வருபவர், வைத்தவராகவே இருப்பார் என்பதற்கு என்ன உறுதி?

பொறுப்பாளர் யார்?

இவ்வளவும் ஒருவர் அரைநாளிற் செய்து முடிக்கத்தக்கவை. ஆயினும் பல இடங்களில் நடைபெறுவதில்லை. காரணம் அறியாமை அன்று. சொந்தப் பம்புசெட்டை எண்ணெயிட்டுத் துடைத்து வைக்கும் அங்கத்தினரே சங்கத்துப் பொறியைத் திரும்பிப் பாராமல் செல்கிறார். 'செயலாளர் பார்ப்பார்' என்று அங்கத்தினரும், 'காவற்காரர் பார்ப்பார்' என்று செயலாளரும் இருந்துவிட, எல்லாருக்கும் உரிய பொருள் எவர் கையிலும் இல்லாததாகிறது. கூட்டுறவின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

இதற்கு மருந்து எளிது. நிர்வாகக் குழு ஒரு தீர்மானத்தின் மூலம் இரண்டு அங்கத்தினரைப் பெயர் குறித்துப் பொறுப்பாளராக நியமிக்கட்டும். ஒருவர் வெளியூர் சென்றால் மற்றவர் இருப்பார். பொறிக்கென ஒரு சிறு பதிவேடு இருக்கட்டும். ஓடிய மணி நேரம், இட்ட பெட்ரோல், எண்ணெய் மாற்றிய நாள், வடித்து வைத்த நாள், செய்தவர் கையொப்பம் ஆகிய ஐந்தும் அதிற் பதிவாகட்டும். ஆண்டு மகாசபையில் வரவு செலவைப் படிக்கும்போது அப்பதிவேட்டையும் மேசைமேல் வைத்தால், அடுத்த ஆண்டு அது வெறுமையாக இராது.

மீண்டும் எடுக்கும் நாள்

ஆயுத பூஜையன்று கருவிகளையெல்லாம் துடைத்துப் பொட்டிடுவது நம் வழக்கம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக வரும் அந்நாட்களே ஜெனரேட்டரையும் வெளியே எடுப்பதற்கு ஏற்ற காலம். சந்தனமும் குங்குமமும் இடுவதோடு நில்லாமல், பொறியை ஓட்டியும் பார்த்துவிட வேண்டும்.

வலையை நீக்குக; எண்ணெய் அளவைப் பார்க்க; பெட்ரோல் குழாயில் வெடிப்பு உண்டா என்று நோக்குக; அன்று வாங்கிய புதிய பெட்ரோலைச் சிறிதளவு இடுக. முதலில் சற்று வெண்புகையோ நீலப்புகையோ எழும். உருளைக்குள் விட்ட எண்ணெய் எரிவதால் வருவது அது. சில நிமிடங்களில் நின்றுவிடும். பிறகு விளக்கு ஒன்றை இணைத்துப் பார்க்க. பொறி ஓடியும் விளக்கு எரியாமற் போவது உண்டு. சுழலும் இரும்பில் எஞ்சி நிற்க வேண்டிய காந்தத் தன்மை நெடுநாள் ஓய்வில் அற்றுப்போவது இதற்கு ஒரு காரணம். தேர்ந்த மின்பணியாளர் அதனை எளிதில் மீட்டுத் தருவார். ஆனால் அவர் ஆயுத பூஜை வாரத்திற் கிடைப்பார். புயலடிக்கும் இரவிற் கிடைக்க மாட்டார்.

சோதனைக்காக ஓட்டும்போதும் இரண்டு எச்சரிக்கைகளை மறவற்க. பெட்ரோல் புகையிலுள்ள கார்பன் மோனாக்ஸைடு நிறமும் மணமும் அற்ற நச்சுவாயு. உறங்குபவர் உறக்கத்திலேயே மாண்டுபோவர். ஆதலின் தறிக்கூடத்திலும் திண்ணையிலும் சன்னலோரத்திலும் ஓட்டாமல், கட்டடத்திலிருந்து 20 அடிக்குக் குறையாத தொலைவில், புகை வெளிநோக்கிச் செல்லும்படி வைத்து ஓட்டுக. இரண்டாவது, ஜெனரேட்டரின் மின்சாரத்தைச் சுவரிலுள்ள பிளக் வழியாகக் கட்டடத்திற்குச் செலுத்தற்க. அது வெளிக் கம்பியில் ஏறி, மின்சாரம் இல்லையென்று நம்பிக் கம்பத்தின்மேல் வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் குடிக்கும்.

அங்கத்தினர்களே! ஒரு லிட்டர் எண்ணெயும் ஒரு முற்பகல் உழைப்பும் நாம் ஆண்டுதோறும் இப்பொறிக்குக் கொடுக்க வேண்டியவை. கொடுத்தோமாயின், காற்று முழங்கி ஊர் இருளில் மூழ்கும் இரவில், சங்கத்து வாயிலில் ஒரு விளக்கு எரியும். அவ்விளக்கைக் கண்டு வருவோர் அங்கத்தினர் மட்டும் அல்லர், ஊரார் அனைவருமே. இந்தத் தை மாதத்திலேயே உங்கள் சங்கத்துப் பொறியின் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள்.